ரமழானில் குறையும் எடை ஏன் திரும்பி வருகிறது?

ரமழான் முடிந்து பெருநாள் காலையில் சட்டை கொஞ்சம் தளர்வாக இருப்பதைப் பார்த்து நம்மில் பலர் மகிழ்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அதே சட்டை மீண்டும் வயிற்றைப் பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. இது நம் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பல நாடுகளில் நோன்பாளிகளை எடை போட்டுப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒரு மாத நோன்பில் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை குறைவதும், அடுத்த சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதும் தெரிய வந்தது.

எடையைக் குறைப்பது ஒரு வேலை என்றால், குறைத்ததைக் காப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை ஒருவர் தனியாகச் செய்துவிடலாம். இரண்டாவதற்கு அவருடைய வீடும் அடுப்படியும் மாற வேண்டும். இக்கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

தமிழகத்தின் நிலை

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16ல் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்களாக இருந்தனர். 2019-21ல் இது 40.4 சதவீதமானது. ஆண்களிடையே 28.2 சதவீதம் 37 சதவீதமாக உயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் இது.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு அது உள்ளது. இரத்த அழுத்தம், மாரடைப்பு, மூட்டு வலி, கல்லீரலில் கொழுப்பு ஆகியவையும் கூடுதல் எடையோடு தொடர்புடையவை. வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர், பிள்ளைகளோடு இருக்க வேண்டிய காலத்தை மருத்துவமனையில் கழிப்பதைப் புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் பார்க்கிறோம்.

எது கூடுதல் எடை?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். ஐரோப்பியர்களை விட நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்வதால் இந்த அளவு. இதைவிட எளியது தையல்காரரின் டேப். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது.

இதில் நாமும் விதிவிலக்கல்ல. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொல்லும் நபிவழியை ஜும்ஆ மேடையில் நாமே சொல்கிறோம். சொல்லி இறங்கியதும் வலீமாவுக்கு அழைப்பு இருக்கும். ஹஜ்ரத் வந்திருக்கிறார் என்று தட்டில் இன்னொரு கரண்டி விழும். சில ஆண்டுகளுக்கு முன் நம்முடைய இரத்தப் பரிசோதனை முடிவு சர்க்கரை நோயின் வாசல்படியில் நிற்பதாகக் காட்டியபோதுதான், சொல்வதை முதலில் நாம் செய்ய வேண்டும் என்று உறைத்தது.

எடை ஏன் திரும்புகிறது?

உணவு திடீரெனக் குறையும்போது உடல் அதைப் பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன. உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் சில மாதங்களிலேயே மிக அதிக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016ல் வெளியானது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலோ நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது.

எனவே, 'பத்து நாளில் பத்து கிலோ' என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்ப வேண்டாம். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைவதே போதுமானது.

சிறிய குறைவே பெரிய பலன்

80 கிலோ இருப்பவர் 60 கிலோவுக்கு வந்தாக வேண்டும் என்று மலைக்க வேண்டாம். அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோவில் 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோதான்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை இயந்திரத்தின் முள் அசையவில்லையே என்று நல்ல பழக்கத்தைக் கைவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுப்படியில் செய்ய வேண்டியவை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவுக்கு இவ்வாறு கணக்குத் தருகிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணெய்: மேற்சொன்ன கணக்குப்படி பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். நெய்யும் டால்டாவும் இதற்குள் அடக்கம். இம்மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வீட்டில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சர்க்கரை: நாளுக்கு 25 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட தேநீரை ஐந்து முறை குடித்தால் அதுவே 50 கிராம். ஒரே நாளில் நிறுத்தாமல், வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

சோறு: நிறுத்த வேண்டியதில்லை, அளந்து போட வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், முட்டை, கறி அல்லது பருப்பு, மீதிக் கால் பங்கு சோறு. காயையும் மீனையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் உண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சோற்றுக்குப் பதில் பராட்டா என்பது மாற்றாகாது. ஒரு பராட்டாவே அளவைப் பொறுத்து 250 முதல் 300 கலோரி வரை வரும்.

மீன்: ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கரையேறும் மீன் நமக்கு ஒரு பாக்கியம். அதைப் பொரிப்பதை விடக் குழம்பாக வைப்பது மேல். தேங்காய்ப் பாலின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. அத்தாவுக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் என்றால் அது ஒரு மாதம் தாங்காது. வீட்டுப் பெண்கள் களைத்துவிடுவார்கள். மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று எல்லோருக்கும் பின்னால் அதை உண்பவரும் பெரும்பாலும் உம்மாதான். குறைத்துச் சமைத்தால் அவர் உடலும் காக்கப்படும்.

நோன்பும் விருந்தும்

நோன்பில் சிக்கல் இஃப்தாருக்குப் பின்னரே. நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், தண்ணீர் ஆகியவை நல்ல உணவு. அவற்றோடு சம்சா, வடை, பஜ்ஜி, ரோஸ்மில்க் சேர்ந்து, மஃரிபுக்குப் பின் பராட்டாவும் வந்தால் பகலில் குறைந்தது இரவிலேயே நிரம்பிவிடும். எண்ணெய்ப் பலகாரத்தை வாரத்தில் இரு நாள் என்று வையுங்கள். மற்ற நாட்களில் சுண்டலும் பழமும் போதும்.

விருந்தை மறுப்பது நம் பண்பாடல்ல. சஹனைச் சுற்றி நால்வர் அமரும்போது யார் எவ்வளவு உண்டார் என்பது தெரிவதில்லை. நம் பக்கத்துச் சோறு தீர்ந்ததும் கையை எடுத்துவிடுவதை நாம் பழக்கமாக்கிக்கொண்டோம். வற்புறுத்துபவரிடம் "துஆ செய்யுங்கள், போதும்" என்றால் யாரும் கோபிப்பதில்லை. இப்படி ஐந்து கிலோ குறைத்தோம். அடுத்து வந்த திருமண மாதங்களில் இரண்டு கிலோ திரும்பியதையும் மறைக்க வேண்டியதில்லை. மறுபடி டேப்பை எடுத்தோம், அவ்வளவுதான்.

குறைத்ததைக் காத்தவர்கள்

13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஓராண்டுக்கு மேல் காத்தவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் உள்ளது. அதில் 10,000க்கும் மேற்பட்டோர் பதிந்துள்ளனர். அவர்களில் 78 சதவீதம் பேர் தினமும் காலை உணவு உண்கின்றனர். 75 சதவீதம் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கின்றனர். 90 சதவீதம் பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். நமக்கு எளியது நடை. பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து போகலாம். பெண்கள் ஃபஜ்ருக்குப் பின் மாடியிலோ தெருவிலோ நடக்கலாம். வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்து, இரண்டு கிலோ ஏறியதும் விழித்துக்கொண்டால் பத்து கிலோ ஏறாது.

கவனிக்க வேண்டியவை

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பும் நோன்பு வைக்கும் முன்பும் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள் தாமாக முயல வேண்டாம். தைராய்டு குறைபாட்டாலும் சில மருந்துகளாலும் எடை கூடுவதுண்டு. குண்டானவரைக் கேலி செய்வது கூடாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகின்றனர். வரும்போது கதவைத் திறந்து கையை நீட்டுங்கள்.

அடுத்த ரமழானுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவுச் சமையலிலேயே ஒரு கரண்டி எண்ணெயையும் ஒரு கைப்பிடி அரிசியையும் குறைத்துத் தொடங்கலாம். அமானிதமாகத் தரப்பட்ட இந்த உடலைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் தருவானாக.