மருந்துப் பாதுகாப்பும் நோயாளியின் சட்ட உரிமையும்: இந்தியா

மருந்துப் பாதுகாப்பு என்பது, ஒருவர் உட்கொள்ளும் மருந்து உரிய தரத்தில் தயாராகி, உரிய நோய்க்கு, உரிய அளவில், உரிய எச்சரிக்கையோடு அவர் கைக்கு வந்து சேர்வது. இதில் எங்காவது பிசகு நேர்ந்து உடலோ உயிரோ கெட்டால், பாதிக்கப்பட்டவர் யாரிடம் கேட்கலாம், எதைக் கேட்கலாம், எதைக் காட்டிக் கேட்கலாம் என்பது நோயாளியின் சட்ட உரிமை. இந்தியாவில் இவ்விரண்டும் ஒரே வேரில் வளரவில்லை. மருந்தின் தரம், 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்கும் உரிமம் பெற்ற உற்பத்தியாளருக்கும் இடையிலான விவகாரம். இழப்பீடு, 1986 முதல் நுகர்வோர் சட்டத்தின்படி வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான வழக்கு. முதல் சட்டத்தில் நோயாளி பெரும்பாலும் சாட்சியாகவே நிற்கிறார். இரண்டாவதில் காசு கொடுத்தவர் என்ற முறையில் நுழைகிறார். மருந்தால் கேடுற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரை உரிமையாளராக ஏற்கும் ஏற்பாடு இரண்டிலும் முழுமையாக இல்லை. இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் குறை இதுவே.

தொடக்க கால வரலாற்றிலேயே இந்தக் குறையின் காரணம் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையில் விற்ற மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதிச் சரக்கு. வீரியம் குறைந்ததும் கலப்படமானதும் தடையின்றிப் புழங்கின. இதை விசாரிக்க 1930-ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்து, அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. அதன் வழியில் 1940-ல் மருந்துகள் சட்டமும் 1945-ல் விதிகளும் வந்தன. அழகுசாதனப் பொருட்கள் 1962 திருத்தத்தில்தான் சேர்ந்தன. இறக்குமதி, தயாரிப்பு, விநியோகம், விற்பனை ஆகிய நான்கையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவருவதே நோக்கம். அன்றைய நிலையில் அது சரியான முதற்படி. ஆனால் உரிமம் என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு. மாத்திரையை விழுங்கியவருக்கு அதில் இடம் கிடையாது. இந்தக் குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1937-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மாசெங்கில் நிறுவனம், சல்பானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து விற்றது. குடித்தவர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். ‘எலிக்சிர்’ என்று பெயரிட்ட மருந்தில் ஆல்கஹால் இல்லை, ஆகவே பெயர் பொருந்தவில்லை என்பதுதான் அன்றைய சட்டப்படி சாட்ட முடிந்த குற்றம். கட்டிய அபராதம் 26,100 டாலர். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அதன் விளைவாகத்தான் 1938-ல் பிறந்தது.

அதே நச்சு இந்தியாவில் அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் புழங்கும் இரசாயனம். பார்வைக்கும் சுவைக்கும் கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் ஒத்தது, விலையில் மலிவு. காய்ச்சலுக்கோ சளிக்கோ சிரப் குடித்த குழந்தைக்கு முதலில் வாந்தி வரும். ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து நின்றுபோகும். பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இறந்தனர். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. 1998-ல் குருகிராம், 2019-20-ல் ஜம்முவின் ராம்நகர் என்று பட்டியல் நீள்கிறது. 2022-ல் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளைக் குடித்துக் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள் மடிந்தார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது என்று தெரியவந்தது. தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்தத் தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. மூலப்பொருளில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை நெடுங்காலமாக இருக்கிறது. மூலப்பொருளைச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எனவே இவற்றை விபத்து என்று எழுதுவது தவறு.

குற்றத்தை 1940-ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வகைப்படுத்துகிறது என்பதை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். 17-ஆம் பிரிவு தவறான முகப்புச்சீட்டு கொண்ட மருந்தையும், 17ஏ கலப்பட மருந்தையும், 17பி போலி மருந்தையும் வரையறுக்கின்றன. இல்லாத நிறுவனத்தின் பெயரிலோ வேறொருவர் மருந்தின் பெயரிலோ விற்றால் போலி. உடலுக்குக் கேடு செய்யும் நச்சு கலந்திருந்தால், உரிமம் பெற்ற ஆலையின் சரக்கே ஆனாலும் கலப்படம். இந்த மூன்றிலும் சேராமல், சொன்ன அளவு மருந்துச் சத்து இல்லாததும் வயிற்றில் கரையாததும் ‘தரமற்றவை’ என்ற பொதுக் கணக்கில் விழும். தண்டனை இந்த வகையைப் பொறுத்தது. சாவையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கக்கூடிய கலப்படத்துக்கும் போலிக்கும் 2008 திருத்தத்தின்படி பத்து ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பைப் போல் மும்மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. தரமற்ற மருந்துக்கோ ஓராண்டு முதல் ஈராண்டு வரை சிறையும் குறைந்தது 20,000 ரூபாய் அபராதமும். இந்தக் குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள 2023-ன் ஜன விஸ்வாஸ் சட்டம் வழி திறந்துவிட்டது. வீரியம் பாதியே உள்ள நுண்ணுயிர்க்கொல்லியைக் குடித்து, தொற்று முற்றி இறந்தவரின் குடும்பத்துக்கு இந்த வகைப்பாடு எதைத் தருகிறது? ஒன்றும் தரவில்லை. கலப்படத்துக்கும் போலிக்கும் விதிக்கும் அந்தப் பெரிய அபராதத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்று 2008 திருத்தம் சொல்வது உண்மை; இழப்பீட்டில் நோயாளியை அந்தச் சட்டம் நினைத்துப் பார்த்த இடம் அது ஒன்றே. ஆனால் அது தண்டனை உறுதியான பின் வருவது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு முடிய எத்தனை ஆண்டாகும் என்பது ஊரறிந்தது.

பாதிக்கப்பட்டவர் தாமே முனையலாமே என்ற கேள்வி எழும். சட்டம் கதவை முழுவதும் அடைக்கவில்லை. 26-ஆம் பிரிவின்படி எவரும் கட்டணம் செலுத்தி ஒரு மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். 32-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரும் அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும் நேரடியாக வழக்குத் தொடரலாம். இந்தச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குக் காவல்துறை வழக்குப் பதிய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்ன பிறகு, இந்தத் தனிமனித உரிமையின் எடை கூடியிருக்கிறது. ஆனால் 26-ஆம் பிரிவு பேசுவது ‘அவர் வாங்கிய’ மருந்தைப் பற்றி. மருந்து ஆய்வாளர் முறைப்படி எடுத்து, பிரித்து, முத்திரையிட்ட மாதிரிக்கு உள்ள மதிப்பு, வீட்டில் மூடி திறந்து பாதி குடித்த பாட்டிலுக்கு நீதிமன்றத்தில் கிடைப்பதும் அரிது. அன்றாடக் கடை வழக்கமும் நோயாளிக்கு எதிராகவே இருக்கிறது. அட்டையிலிருந்து நாலு மாத்திரை வெட்டித் தரச் சொன்னால், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான ஓரம் கடையிலேயே தங்கிவிடும். கைக்கு வருவது காலை, இரவு என்று கிறுக்கிய சிறு காகித உறை. ரசீது கேட்பவர் குறைவு, கேட்காமல் தருபவர் அதனினும் குறைவு. உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடம் வாங்கி முறையாக வைத்திருந்தேன் என்று காட்டினால் கடைக்காரரை 19-ஆம் பிரிவு காக்கும். அவருக்குக் கேடயமாகும் ஆவணம் அவரிடம் இருக்கும். நோயாளிக்கு ஆதாரமாகும் ஆவணம் நோயாளியிடம் இருக்காது.

இழப்பீட்டுக்கான நடைமுறை வழி நுகர்வோர் சட்டம்தான். மருத்துவச் சேவையும் அதில் அடங்கும் என்று 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் விலக்கு. இந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கொல்கத்தா வழக்கு சான்று. 1998-ல் தோல் தடிப்புக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்கு டெப்போ-மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசி, 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை எழுதப்பட்டது. ஒருமுறை போட்டால் பல நாள் உடலில் நின்று வேலை செய்யும் மருந்து அது. அவர் இறந்தார். 2009-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றது. 2013-ல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பதினைந்து ஆண்டு போராடிய கணவர் தாமே மருத்துவர். மருந்தளவைப் படித்துத் தவறைச் சொல்லத் தெரிந்தவர். கூலித் தொழிலாளி ஒருவருக்கு அது எப்படி முடியும்? 2019-ன் புதிய நுகர்வோர் சட்டம் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயத்தைச் சேர்த்து, தயாரிப்பில் குறை இருந்தால் உற்பத்தியாளரே பொறுப்பு என்றது. நல்ல முன்னேற்றம். ஆனால் அதன் 87-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: வல்லுநர் மேற்பார்வையில் பயன்படுத்தும் பொருளானால், எச்சரிக்கையை வல்லுநருக்குத் தெரிவித்திருந்தாலே போதும். மருத்துவரிடம் சொன்னோம் என்று நிறுவனம் ஒதுங்கலாம். நோயாளியிடம் சொன்னீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் மருந்து பெறுபவரின் நிலைதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. அவர் நுகர்வோர் அல்லர். 26-ஆம் பிரிவு சொல்லும் வாங்கியவரும் அல்லர். தமிழ்நாட்டில் 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் தொகுதிதோறும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மருந்தை விநியோகிக்கிறது. பல மாநிலங்கள் பின்பற்றிய முறை அது. அது தடுப்பு ஏற்பாடு. தடுப்பை மீறி வந்த கேட்டுக்கு ஈடு தராது. ராம்நகர்க் குழந்தைகளின் பெற்றோருக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கிடைத்தது தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஆணையால். அந்தத் தொகையையும் எதிர்த்து அரசு நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

தவறு யாருடையது என்று நிரூபிக்கக் காத்திராமல் முதலில் இழப்பீடு, பிறகு விசாரணை என்ற முறை வேண்டும் என்றால், மூன்று மறுப்புகள் வரும். சிறு ஆலைகள் மூடிப்போகும், மருந்து விலை ஏறும் என்பது முதலாவது. 1984 போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயப் பொருளைக் கையாளும் ஆலைகளை இத்தகைய நிவாரணத்துக்குக் காப்பீடு செய்யச் சொல்கிறது. அதனால் இரசாயனத் தொழில் அழிந்துவிடவில்லை. பக்கவிளைவு இல்லாத மருந்தே இல்லை, எல்லாவற்றுக்கும் பணம் கேட்பார்கள் என்பது இரண்டாவது. இதில் நியாயம் உண்டு. ஆகவே தயாரிப்புக் குறையையும் அறிந்த பக்கவிளைவையும் பிரித்தே ஆக வேண்டும். அப்படிப் பிரிக்க முடியும். ஜெர்மனி 1976-ன் மருந்துச் சட்டத்திலேயே உற்பத்தியாளர் மீது கடும் பொறுப்பைச் சுமத்தியது. ஜப்பான், கிளியோகுவினால் மருந்து விளைவித்த நரம்பு நோய்க்குப் பின், நிறுவனங்களின் சந்தாவில் ஒரு நிவாரண நிதியை 1980 முதல் நடத்துகிறது. இந்தியாவிலேயே 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள், சோதனையில் பங்கேற்று இறந்தவருக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தையே தருகின்றன. சோதனை நிலையில் உள்ள மருந்தைக் குடித்தவருக்கு உள்ள ஈடு, அரசு அனுமதித்த மருந்தைக் குடித்தவருக்கு இல்லாதிருப்பது நியாயமாகாது. கடுமையான தண்டனையே போதும் என்பது மூன்றாவது மறுப்பு. சிந்த்வாராவில் மருந்தை எழுதிய மருத்துவர்தான் முதலில் கைதானார். ஆலை உரிமையாளர் அதன் பின்னரே சென்னையில் கைதானார். எழுதிக்கொடுப்பவர் பாட்டிலுக்குள் இருப்பதைச் சோதிக்க முடியாது. தண்டனைச் சட்டம் கைக்கெட்டியவரை முதலில் பிடிக்கும். இறந்த குழந்தையின் மருத்துவக் கடனை அது அடைக்காது.

பிற உரிமைகளையும் விதிகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். 2002-ன் மருத்துவர் நடத்தை விதிகளின்படி சிகிச்சை ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த சாசனம் 17 உரிமைகளை வரிசைப்படுத்துகிறது. நுகர்வோர் ஆணையத்தில் ஈராண்டுக்குள் வழக்கிட வேண்டும். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, செலுத்திய தொகையை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாவதால், பெரிய இழப்பீட்டையும் மாவட்ட அளவிலேயே கேட்கலாம். பக்கவிளைவை 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். அது கண்காணிப்புக்கே, வழக்குக்கு அல்ல. நல்ல தயாரிப்பு முறைக்கான அட்டவணை எம் 2023 இறுதியில் திருத்தப்பட்டு, சிறு ஆலைகளுக்கு 2025 டிசம்பர் வரை தவணை தரப்பட்டது. இணையவழி மருந்து விற்பனைக்கு 2018-ல் வரைவு விதிகள் வெளியாயின.