திமோர் லெஸ்தே 2002: கொடியேற்றியதற்கு மறுநாள்



நம் வரலாற்றுப் பாடங்களில் ஒரு நாடு விடுதலை பெற்றதும் அத்தியாயம் முடிந்துவிடும். கொடி ஏற்றினார்கள், இனிப்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று புத்தகம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள 2002-ஆம் ஆண்டின் திமோர் லெஸ்தேயைப் பார்க்கலாம். கிழக்குத் திமோர் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே, இந்தோனேசியத் தீவுகளின் வரிசையில் இருக்கிறது திமோர் தீவு. அதன் கிழக்குப் பாதிதான் இந்த நாடு. தலைநகர் டிலி. மக்கள்தொகை அப்போது பத்து லட்சத்துக்கும் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்பில் மாட்டிய உலகப் படத்தில் இப்படி ஒரு நாடு கிடையாது.

சந்தன மரத்துக்காக வந்த போர்த்துக்கீசியர் பல நூற்றாண்டுகள் ஆண்டார்கள். அவர்கள் பிடி தளர்ந்ததும் 1975 நவம்பர் 28 அன்று திமோரியர் விடுதலையை அறிவித்தார்கள். ஒன்பதே நாளில், டிசம்பர் 7 அன்று, இந்தோனேசிய ராணுவம் உள்ளே புகுந்தது. அடுத்த 24 ஆண்டுகளில் போரிலும் பசியிலும் நோயிலும் குறைந்தது ஒரு லட்சம் பேர் மாண்டார்கள் என்று பின்னர் உண்மை ஆணையம் கணக்கிட்டது. 1999 ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பழிவாங்கலாக ராணுவத்தின் துணையோடு ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகத் தீ வைத்தன. பெரும்பாலான பள்ளிக் கட்டடங்கள் பாழாயின. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்தோனேசியர்கள். அவர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். கரும்பலகையும் இல்லை, அதில் எழுத ஆளும் இல்லை. அதன் பிறகு ஐ.நா.வே இரண்டரை ஆண்டுகள் நிர்வாகம் நடத்தியது.

இனி 2002-க்கு வருவோம். மார்ச் 22-இல் அரசியலமைப்புச் சட்டம் கையெழுத்தானது. ஏப்ரல் 14-இல் குடியரசுத் தலைவர் தேர்தல். காட்டில் கெரில்லாப் போரை நடத்தி, ஜகார்த்தா சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்த ஷனானா குஸ்மாவோ 80 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பெற்று வென்றார். அவரை எதிர்த்து நின்றவர் பிரான்சிஸ்கோ ஷாவியர் டோ அமரால், 1975-இல் அந்த ஒன்பது நாள் குடியரசின் தலைவராக இருந்த முதியவர். தோற்போம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போட்டி இல்லாமல் ஒரு தேர்தல் நடக்கக் கூடாது என்றே நின்றார். மாணவர்களே, வென்றவரை நினைவில் வைப்பது போல இவரையும் நினைவில் வையுங்கள்.

மே 20, நள்ளிரவு. டிலிக்கு வெளியே தாசி தோலு திடலில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் ஆட்சியை ஒப்படைத்தார். இந்தோனேசிய அதிபர் மேகவதியும் அந்த மேடைக்கு வந்திருந்தார். தன் மக்களை ஆக்கிரமித்த நாட்டின் தலைவரை ஷனானா கைபற்றி வரவேற்றார். அன்றே ஆஸ்திரேலியாவுடன் திமோர்க் கடல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பிறந்த நாளன்றே எண்ணெய்க் கணக்கும் தொடங்கிவிட்டது. செப்டம்பர் 27-இல் ஐ.நா.வின் 191-ஆவது உறுப்பினர் என்ற இடம் கிடைத்தது.

ஆனால் நீதி எளிதில் கிடைக்கவில்லை. 1999 வன்முறையை விசாரித்த ஜகார்த்தா நீதிமன்றம் ஆகஸ்டில் முன்னாள் ஆளுநருக்கு மூன்றே ஆண்டு சிறை விதித்தது. பின்னாளில் அவரும் விடுதலையானார். உள்ளூரில் திமோரியர் வேறு வழி கண்டார்கள். வீடு எரித்தவர், கால்நடை திருடியவர் போன்ற சிறு குற்றவாளிகள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, செய்ததை ஒப்புக்கொண்டு, பரிகாரம் செய்ய வேண்டும். அதன் பிறகே ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும். உண்மை ஆணையம் நடத்திய இந்த ஏற்பாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரோடு இணைந்தார்கள். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெருங்குற்றங்களுக்கு அந்தப் பாயில் இடமில்லை. அவை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் பலருக்கு நியாயம் கிடைக்காமல் போயிற்று.

கொடியேற்றி ஏழு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், ஒரு மாணவரைப் பிடிக்கக் காவலர்கள் பள்ளிக்குள்ளேயே போனார்கள். மறுநாள், டிசம்பர் 4 அன்று, மாணவர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. டிலியில் கடைகள் எரிந்தன, பிரதமர் மாரி அல்கதிரியின் வீடும் எரிந்தது. மே மாதத்தில் ஆடிப்பாடிய அதே நகரம்தான்.

ஏன் இப்படி? கைது ஒரு தீப்பொறிதான், காய்ந்த சருகு முன்பே குவிந்திருந்தது. வேலை இல்லை. போர்த்துக்கீசிய மொழியும் தேத்துமும் ஆட்சிமொழிகள் என்று சட்டம் சொன்னது. ஆனால் அந்த இளைஞர்கள் படித்ததோ இந்தோனேசிய மொழியில். விடுதலைக்காக அடிபட்ட தலைமுறைக்குத் தன் சொந்த நாட்டிலேயே விண்ணப்பம் எழுத மொழி தெரியவில்லை! இதைப் படித்தபோது ஆசிரியனாக என் மனம் கனத்துப்போனது. புதிய காவல்துறைக்கோ கூட்டத்தைச் சமாளிக்கப் போதிய பயிற்சி இல்லை.

அந்த எச்சரிக்கை போதவில்லை. 2006-இல் ராணுவத்துக்குள்ளேயே பிளவு வந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து முகாம்களுக்குப் போனார்கள். இருந்தும் நாடு உடையவில்லை. தேர்தல் நடத்தினார்கள், தோற்றவர்கள் பதவியை விட்டு இறங்கினார்கள், ஆட்சி கைமாறியது. 2025 அக்டோபரில் ஆசியான் அமைப்பின் 11-ஆவது உறுப்பினராகச் சேர்ந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அதே ஷனானாதான்.

விடுதலையை ஒரு நள்ளிரவில் வாங்கிவிடலாம். பள்ளிக்கூடம், நீதிமன்றம், நேர்மையான காவல் நிலையம், படித்தவனுக்கு வேலை, இவற்றை ஒரு நள்ளிரவில் கட்ட முடியாது. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், காவலர்கள், அலுவலர்கள். நாட்டைக் கட்டும் அந்த அன்றாட வேலை உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இரவு பகல் பாராமல் உழைக்கச் சொல்லவில்லை. உங்கள் முன்னால் வந்து நிற்கும் பிள்ளையை மரியாதையாக உட்காரச் சொல்லிப் பேசினாலே போதும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்று அட்லஸைப் பிரித்து இந்த நாட்டைத் தேடச் சொல்லுங்கள். முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளையின் பெயரைக் கீழே எழுதுங்கள். வாழ்த்துச் சொல்லக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்