விருச்சிகத்து இரட்டை உடு

மத்திய மலைநாட்டில் தேயிலை வேரூன்றுமுன், கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியத் தொழிலாளர் கால்நடையாய் வந்துகொண்டிருந்த காலம் அது. 1863ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், சென்னை வானாய்வு நிலையத்தில் நோர்மன் போக்சன் என்பார் விருச்சிக மண்டலத்தில் ஒன்பதாந் தர ஒளியினதாகிய புதிய உடுவொன்றைக் கண்டார். அது விரைந்து மங்கி மறைந்தது. ஒளிமாறும் உடுக்களை நோக்குவதில் அந்நிலையத்தார் வல்லவர். அங்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியாரும் 1867இல் தென்வானத்தில் அத்தகைய உடுவொன்றைக் கண்டறிந்தார். அவர் பெயர் இன்னும் பரவலாக அறியப்படாதது குறையே.

போக்சன் எழுதிவைத்த குறிப்பு நெடுங்காலம் தனித்தே கிடந்தது. 1940இல் ஹாவட் நிலையத்துப் பழைய ஒளிப்படத் தட்டுக்களை ஆராய்ந்த ஹெலன் தோமஸ், அதே உடு 1906இலும் 1936இலும் வெடித்தெழுந்ததைக் கண்டார். ஓரிரவின் குறிப்பு செவ்வனே எழுதப்பட்டிராவிடின் இத்தொடர்பு புலப்பட்டிராது.

உண்மையில் அஃது ஓர் உடுவன்று, இரண்டு. எரிந்து சுருங்கிய சிற்றுடுவொன்றும் அதன் துணையும் ஏறத்தாழ முப்பது மணி நேரத்திற்கொருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணையினின்று வழியும் வாயு தட்டுப்போற் சுழன்று சிற்றுடுவின்மீது படிகின்றது. படிந்தது மிகும்போது வெடிக்கின்றது. தொலைகாட்டியிலோ இவையனைத்தும் ஒரே புள்ளி. அப்புள்ளிக்குள் இருப்பதை எங்ஙனம் காண்பது?

1985இல் கீத் ஹோர்ன் என்பார் கிரகணத்தையே கருவியாக்கினார். அட்டனில் எதிர்மலை லயத்து விளக்குகள் மூடுபனியில் ஒரே வெளிச்சமாய்த் தோன்றுகின்றன எனக் கொள்வோம். அவற்றின் முன்னே லொறியொன்று மெல்லச் செல்லுமாயின், ஒளி எப்போது எவ்வளவு குறைந்தது என்பதைக்கொண்டே விளக்குகள் நிற்குமிடங்களைக் கணிக்கலாம். துணையுடு தட்டை மறைக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. ஒரே ஒளிக்குறைவுக்குப் படங்கள் பல பொருந்துமாதலின், மிகச் சீரானதைத் தெரிவர். ஆதலால் அது கணித்த படமேயன்றிக் கண்ட படமன்று. இதனை மறப்போர் பலர்.

சென்னை உடுவிலும் கிரகணம் நிகழ்வதை 1990இல் பிராட்லி சேபர் வெளியிட்டார். பழைய வெடிப்புகளின் இடைவெளிகளை நோக்கி, அடுத்ததையும் அவர் முன்னரே கூறியிருந்தார். 2010 சனவரி 28இல் புளோரிடாவைச் சேர்ந்த பொழுதுபோக்கு நோக்கர் இருவர் அதனைக் கண்டனர். அடுத்த வாரங்களில் கிரகணங்களின் வடிவம் மாறிவந்தமை, சிதைந்த தட்டு மீண்டும் உருவாவதைக் காட்டிற்று.

அமைதியில் ஏறத்தாழப் பதினெட்டாந் தரமாயிருக்கும் இவ்வுடு, வெடிக்கும்போது எட்டாந் தரத்தை எட்டுகின்றது. 1856இல் போக்சனே வகுத்த அளவின்படி இது பதினாயிரம் மடங்கு ஒளிப்பெருக்கமாகும். 2022 யூன் 6ஆம் நாளும் அஃது எழுந்தது. அம்மாதத்து இரவுகளில் விருச்சிகம் நுவரெலியாவுக்குத் தெற்கே உயர நிற்கும். ஆயினும் பனிமூட்டம் விலகினாலும் வெறுங்கண்ணுக்கு அவ்வுடு புலனாவதில்லை.