பொய் ஈ கட்டுதல்

தூண்டில் முள்ளின் மேல் இறகும் உரோமமும் பட்டு நூலும் சுற்றிக் கட்டி, மீன் தின்னும் பூச்சியின் சாயலை உண்டாக்கும் கைவினை பொய் ஈ கட்டுதல் ஆகும். ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட், கிரேலிங், சால்மன் ஆகிய மீன்களுக்காக வளர்ந்த இக்கலை இன்று கடல்மீன்கள் வரை எட்டியிருக்கிறது. ட்ரவுட்டின் உணவில் பெரும்பங்கு மேஃபிளை, காடிஸ் போன்ற நீர்ப்பூச்சிகள். மண்புழுவைப் போல இவற்றை முள்ளில் கோக்க முடியாது. விரல் பட்டாலே சிறகு கசங்கி உருக்குலைந்துவிடும். ஆகவே இரையை முள்ளில் மாட்டுவதை விட்டு, முள்ளையே இரையாக்கும் வழியை மீன்பிடிப்பவர்கள் கண்டார்கள்.

இக்கலையின் பெரிய திருப்பங்கள் பலவும் யாரோ ஒருவர் தண்ணீரைப் புதிதாக உற்றுப் பார்த்ததால் நேர்ந்தவை. தண்ணீரை மறந்து இறகின் அழகில் மயங்கிய காலமும் உண்டு. அந்த மயக்கத்துக்கான விலையைப் பறவைகள் கொடுத்தன.

தொடக்க காலம்

பொய் ஈயைப் பற்றிய தெளிவான முதல் குறிப்பு, கி.பி. 200-ஐ ஒட்டி ரோமானிய எழுத்தாளர் ஏலியன் விலங்குகளின் இயல்பு குறித்து எழுதிய நூலில் கிடைக்கிறது. மாசிடோனியாவில் பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடும் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் புள்ளித்தோல் மீன்கள் இருந்தன. ஆற்றின் மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியை அவை பாய்ந்து உண்டன. அப்பூச்சியைக் கையால் பிடித்தால் நிறம் போய்ச் சிறகும் வாடிவிடும் என்பதால் அங்குள்ளவர்கள் அதை இரையாக்கவில்லை. முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதில் பொருத்தினார்கள். கம்பளியால் உடல், சேவல் இறகால் சிறகு: இந்த அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை.

அதன்பின் விரிவான சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. 1496-இல் விங்கின் டி வொர்ட் அச்சிட்ட தூண்டில் மீன்பிடிப்பு நூல் 12 ஈக்களை மாதவாரியாக வகுத்துச் சொல்கிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவியின் பெயரில் வழங்கினாலும், அவர்தான் எழுதினார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தையல் ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்து முள் செய்வதையும், குதிரை வால் மயிரை முறுக்கித் தூண்டில் கயிறு திரிப்பதையும் அந்நூல் கற்றுத்தருகிறது. எல்லாவற்றையும் மீன்பிடிப்பவர் தம் கையாலேயே செய்த காலம் அது.

ஸ்பெயினின் லியோன் பகுதியில் இக்கலை தனியாகவே வளர்ந்தது. ஹுவான் டி பெர்காரா 1624-இல் எழுதிய அஸ்டோர்கா சுவடி, எந்தப் பருவத்துக்கு எந்தச் சேவலின் இறகு, எந்த நிறப் பட்டு என்று நுணுக்கமாகக் குறிக்கிறது. அப்பகுதியில் இறகுக்காகவே வளர்க்கப்படும் சேவல்களின் பளபளப்பான இறகை ஈ கட்டுபவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ புகழ்பெற்ற நூல்தான். ஆனால் ஈ கட்டும் கலைக்கு அதைவிட முக்கியமானது, அதன் 1676-ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்லஸ் காட்டன் சேர்த்த பகுதி. டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த காட்டன், எந்த மாதத்தில் எந்த ஈ என்று அறுபதுக்கும் மேற்பட்ட வகைகளைத் தாமே கட்டிப் பழகிய அனுபவத்தோடு எழுதினார்.

பூச்சியியல் இக்கலைக்குள் வந்தது ஆல்பிரட் ரொனால்ட்ஸ் மூலம். ஸ்டாஃபோர்டுஷயரில் ஆற்றின் மேல் ஒரு குடிசை அமைத்து, அதனுள் இருந்தபடி ட்ரவுட்டின் நடத்தையை அவர் கவனித்தார். கரையில் துப்பாக்கி வெடித்தாலும் மீன் அசையவில்லை என்பதையும், ஒளி நீரில் முறிவதால் கரையில் நிற்கும் மனிதன் மீனின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறான் என்பதையும் பதிவு செய்தார். 1836-இல் வெளிவந்த அவருடைய நூலில், உயிருள்ள பூச்சியின் வண்ணப்படமும் அதைப் போலக் கட்டிய பொய் ஈயின் படமும் அறிவியல் பெயரோடு அருகருகே இடம்பெற்றன. ஊருக்கொரு பெயரும் ஆளுக்கொரு செய்முறையுமாக இருந்த கைமரபு, பிறர் சரிபார்க்கக்கூடிய அறிவாக மாறியது இந்நூலால்தான்.

மிதப்பதும் மூழ்குவதும்

சேவலின் கழுத்து இறகை முள்ளின் தண்டில் சுற்றினால் அதன் இழைகள் நாலாபக்கமும் விரிந்து பூச்சியின் கால்களைப் போல நிற்கும். சேவல் இறகின் இழை விறைப்பானது. நீரின் மேற்பரப்பு இழுவிசையில் ஊன்றி ஈயை மிதக்கவைக்கும். பெட்டைக்கோழி, கௌதாரி ஆகியவற்றின் இறகு மென்மையானது. நீரை உறிஞ்சி மூழ்கி, நீரோட்டத்தில் அசையும். யார்க்ஷயரிலும் ஸ்காட்லாந்து எல்லையிலும் கட்டப்பட்ட மெலிந்த ஈக்கள் இரண்டாம் வகை. பட்டு நூலில் ஓர் உடல், அதன் தலைப்பில் கௌதாரி இறகு ஒன்றிரண்டு சுற்று, அவ்வளவுதான். அவற்றில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

மிதக்கும் ஈ தனி முறையாக வளர முள்ளே மாறவேண்டியிருந்தது. பழைய முள்ளில் காது கிடையாது. பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்த நரம்பை முள்ளோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நரம்பு நைந்தால் ஈயும் வீண். 1879-ஐ ஒட்டி ஹென்றி ஹால் செம்மைப்படுத்திய, காதுள்ள சிறிய எஃகு முட்கள் பரவிய பிறகு, ஈயை வேண்டும்போது கழற்றி மாற்ற முடிந்தது.

இதைப் பயன்படுத்தித் தென் இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றில் பிரடெரிக் ஹால்ஃபோர்டு ஒரு கோட்பாட்டையே நிறுவினார். நண்பர் மாரியட்டோடு சேர்ந்து ஆற்றுப் பூச்சிகளைச் சேகரித்து, நிறத்தையும் அளவையும் ஒப்பிட்டு, 1886-இல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையை நூலாக்கினார். மேற்பரப்பில் எழும் மீனைக் கண்ணால் பார்த்து, அது அப்போது உண்ணும் பூச்சியின் துல்லியமான போலியை மட்டுமே அதன்முன் இடவேண்டும் என்பது அவர் நெறி. சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் தெளிந்த, சீரான அந்த ஆறுகளுக்கு அது பொருந்தியது. சீடர்களோ அதை எல்லா ஆறுகளுக்குமான சட்டமாக்கி, மூழ்கும் ஈயை வீசுவதே இழிவு என்று பேசினார்கள்.

அதை எதிர்த்தவர் வழக்கறிஞர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ். பிடித்த மீனின் வயிற்றில் உள்ளதை நீண்ட கரண்டியால் எடுத்து, தட்டில் நீரில் பரப்பிப் பார்த்தார். மேலே பறக்கும் பூச்சியைவிட, சிறகு விரியாமல் நீருக்குள் வாழும் இளம்பூச்சிகளே அதில் மிகுந்திருந்தன. 1910, 1921 ஆண்டுகளில் வந்த அவர் நூல்கள் இளம்பூச்சியின் போலிக்கு நியாயம் கற்பித்தன. எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. 1938-இல்கூட லண்டன் மீன்பிடிப்போர் கழகத்தில் இதற்கென ஒரு விவாதமே நடந்தது.

ஸ்க்யூஸ் திறந்த வழியை முழுமையாக்கியவர் ஏவன் ஆற்றின் காவலராக வேலை பார்த்த ஃபிராங்க் சாயர். நீந்தும் இளம்பூச்சி கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதைத் தினமும் ஆற்றில் பார்த்தவர் அவர். எனவே தம் ஈக்குக் காலே வைக்கவில்லை. கட்டு நூலையும் விட்டுவிட்டார். மெல்லிய செப்புக் கம்பியால் ஃபெசன்ட் பறவையின் வால் இழைகளைச் சுற்றினார். கம்பி கட்டாகவும் எடையாகவும் நிறமாகவும் ஒரே நேரத்தில் உதவியது. இரண்டே பொருளில் முடிந்த அந்த ஈ இன்று உலகெங்கும் ட்ரவுட் ஆறுகளில் வீசப்படுகிறது. இக்கலையின் உச்சம் எது என்று கேட்டால், நூறு இறகு சேர்ந்த சால்மன் ஈயை அல்ல, இதைத்தான் காட்டவேண்டும்.

அமெரிக்காவில் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் வாழ்ந்த தியோடர் கார்டனுக்கு ஹால்ஃபோர்டு 1890-இல் தம் ஈக்களை அனுப்பிவைத்தார். நெவர்சிங்க் போன்ற அங்குள்ள ஆறுகள் வேகமானவை, பூச்சிகளும் வேறு. கார்டன் அந்த ஈக்களை அப்படியே நகலெடுக்காமல், தம் ஆற்றின் பூச்சிகளுக்கேற்ப நிறம் மாற்றி, நீண்ட விறைப்பான இறகு சுற்றிப் புதிய மரபைத் தொடங்கினார். பின்னர் லீ வுல்ஃப், கொந்தளிக்கும் நீரிலும் மிதப்பதற்காக இறகுச் சிறகை நீக்கி மான்வால் மயிரை வைத்தார்.

ஜப்பானின் மலையோடைகளில் பிழைப்புக்காக மீன்பிடித்தவர்கள் இந்தச் சர்ச்சைகள் எதையும் அறியாமல் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இறகை முன்னோக்கிச் சாயும்படி கட்டிய கெபாரி என்னும் எளிய பொய் ஈ ஒன்றிரண்டே அவர்களுக்குப் போதும். நீரில் அந்த இழைகள் விரிந்து சுருங்க, கோலை அசைக்கும் கைத்திறனே மீனை இழுத்தது. அயு மீனுக்காகக் கனசாவா நகரில் கட்டப்படும் காகா கெபாரி இதற்கு நேர்மாறாக நகைவேலைக்கு நிகரான நுணுக்கம் கொண்டது.

சால்மன் ஈயும் இறகு வணிகமும்

கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறிவரும் சால்மன் அங்கே உணவு உண்பதில்லை. ஆனாலும் எதிர்ப்படும் ஈயைக் கவ்வும். ஏன் என்பதற்கு இன்றும் ஒருமித்த விளக்கம் இல்லை. போலி செய்ய ஒரு பூச்சியே இல்லாதபோது, எந்த நிறமும் எந்த இறகும் செல்லும் என்றாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் பேரரசின் கப்பல்கள் பறவைத் தோல்களை லண்டனில் இறக்கிக்கொண்டிருந்தன. லண்டன் சோஹோவில் ஈ கட்டிவந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் பிளாக்கர் நிறம் கொழிக்கும் ஈக்களைப் புகழ்பெறச் செய்தார். 1895-இல் ஜார்ஜ் கெல்சன் எழுதிய ‘தி சால்மன் ஃபிளை’ அதற்கு இலக்கண நூலே ஆயிற்று. தென்னமெரிக்காவின் நீல கோட்டிங்கா, டூக்கான், சீனத்துப் பொன் ஃபெசன்ட் எனக் கண்டம் கடந்த பறவைகள் ஒரே முள்ளில் கூடின. குறிப்பிட்ட இறகுகளால்தான் மீன் கவ்வுகிறது என்ற கெல்சனின் உறுதிப்பாட்டுக்குச் சான்று எதுவும் இல்லை.

அந்த வரிசையில் தமிழருக்கு நன்கு தெரிந்த பறவை ஒன்றும் இருந்தது: மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி. சேவலின் கழுத்து இறகு நுனியில் தண்டு தட்டையாக விரிந்து, மெழுகுப் பூச்சுப் போன்ற மஞ்சள் வெள்ளைப் பொட்டுகளாகிறது. நீரில் நனைந்தாலும் இந்தப் பளபளப்பு மங்காது. சிறுமீனின் கண் போலத் தெரியும். ஜாக் ஸ்காட் உட்பட எத்தனையோ சால்மன் ஈக்களின் கன்னத்தில் இது இடம்பெற்றது. இந்த ஓர் இறகுக்காகச் சேவல்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1902-இல் பிரித்தானிய இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிரிட்டன் இறக்குமதியைத் தடுக்க 1921 ஆயிற்று. இன்று வெளிநாட்டில் கூண்டில் வளர்த்த காட்டுக்கோழியின் இறகே சட்டப்படி விற்கப்படுகிறது.

அதே மலைத்தொடரில்தான் ட்ரவுட்டும் வந்து சேர்ந்தது. பிரான்சிஸ் டே 1860-களில் முயன்று தோற்றபின், ஹென்றி சார்லஸ் வில்சன் 1907-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் ட்ரவுட்டை நிலைபெறச் செய்தார். 

அரிய இறகு மோகம் முழுதும் ஓயவில்லை. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து, சால்மன் ஈ கட்டுவதில் தேர்ந்த ஓர் இசை மாணவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. மீட்கப்பட்டவை பலவற்றில் பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது. சீட்டில்லாத தோலால் ஆய்வாளருக்குப் பெரிதாகப் பயனில்லை. அந்த இழப்பை எந்தத் தண்டனையும் ஈடுசெய்யாது.

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் கின்ட்ராட்வெல் என்னும் இடத்தில் வாழ்ந்த மேகன் பாய்டு (1915–2001) இந்த மரபின் தூய பக்கம். கடலோரக் குடிலில், மின்வசதியின்றிப் பல்லாண்டுகள் சால்மன் ஈ கட்டினார். அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் அவரிடம் ஈ வாங்கியவர்களில் ஒருவர். உயிரைக் கொல்ல மனமில்லாததால் பாய்டு தாம் தூண்டில் போட்டதில்லை.

இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டில் இறகுத் தேவையைப் பண்ணைகள் ஏற்றன. கேட்ஸ்கில்லின் ஹாரி டார்பி, பின்னர் ஹென்றி ஹாஃப்மன் போன்றோர் நீண்ட, மெலிந்த இறகுக்காகவே சேவல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். கொலராடோவின் டாம் வைட்டிங் அதைப் பெருந்தொழிலாக்கினார். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் பஞ்சு போன்ற இறகு, சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியிலிருந்து உலகெங்கும் பரவியது. செயற்கை இழையும் நுரைத் தாளும் ஒளியில் இறுகும் பிசினும் சேர்ந்துகொண்டன. மயில் தோகையின் இழை மட்டும் எதனாலும் இடம் பெயர்க்கப்படவில்லை. அதன் பசுமைப் பளபளப்புக்கு ஈடு கிடைக்கவில்லை.

விற்பனைக்கு ஈ கட்டுவது நெடுங்காலமாகப் பெண்களின் உழைப்பு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஆர்விஸ் நிறுவனத்தின் ஈ கட்டும் பெண்களை மேற்பார்வையிட்ட மேரி ஆர்விஸ் மார்பரி, 1892-இல் வண்ணப் படங்களோடு வெளியிட்ட நூலால் அமெரிக்க ஈக்களின் பெயர்கள் ஒழுங்குபட்டன. இப்போது அந்த வேலை கென்யா, இலங்கை, தாய்லாந்து நாடுகளின் பட்டறைகளில் நடக்கிறது. ஒரே வகையை நாளெல்லாம் பிசகாமல் கட்டும் அவர்களின் விரல்திறன், வார இறுதியில் ஓய்வாகக் கட்டும் எந்த ஆர்வலருக்கும் வாய்க்காதது. ஈயின் பெயரில் அதை வகுத்தவர் நிலைத்துவிடுகிறார். கட்டிய பெண்ணின் பெயரை விற்பனை உறையில் அச்சிடும் வழக்கம் இன்னும் வரவில்லை.