பிழை களையும் பணி: ஏடு முதல் எழுத்துணரி வரை

பாகூரின் கல்விப் பெருமைக்குச் சான்றாக விளங்குவது, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு. அவ்வூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு கூறுகின்றது. செம்பில் பொறித்த எழுத்து நிலைத்தது. ஓலையோ நைந்துபோகும் இயல்பினது. மீண்டும் மீண்டும் படியெடுக்க வேண்டியிருந்தது. படியெடுக்குந்தோறும் பிழைகள் புகுந்தன.

ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. ஆகவே 'ஏரி' என்பதனை 'எரி' எனவும் படிக்கலாம், நீர் நெருப்பாகிவிடும். ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. இத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டே உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சமயக் கருத்து விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணப் பெரியோரை நாடித் தெளிவு பெற்றார். பொருள் உணர்ந்தவரே எழுத்தையும் திருத்த வல்லவர் என்பதற்கு அப்பதிப்பு சான்றாகும்.

புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைப் பாகூர் குப்புசாமி தொகுத்தார். விஜயவேணுகோபால் பதிப்பாசிரியராக இருந்து 2006இல் வெளிக்கொணர்ந்தார். சிதைந்த எழுத்தைச் சிதைந்ததென்றே காட்டுவது கல்வெட்டுப் பதிப்பின் நெறி. ஊகத்தை உண்மைபோல் எழுதுதல் அங்கு குற்றமாகும்.

இன்று பழைய அச்சு நூல்களை வருடிப் படமாக்குகின்றனர். எழுத்துணரி என்னும் மென்பொருள் அப்படத்தை எழுத்தாக மாற்றுகின்றது. ஓலை படித்தோரை மயக்கிய ரகரமும் துணைக்காலும் இயந்திரத்தையும் மயக்குகின்றன. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ணை, லை, னா, றா முதலியவற்றின் பழைய வடிவங்களும் இடர் தருகின்றன. 'கொல்லாமை' என்னும் சொல்லின் முதலெழுத்தில் ஒற்றைக்கொம்பும் காலும் விடுபட்டால் அது 'கல்லாமை' ஆகிவிடும். அறத்தின் தலையாய நோன்பு அறியாமையின் பெயராய் மாறும். இரண்டும் தமிழ்ச்சொற்களே ஆதலின், சொற்பிழை காட்டும் கருவியும் இதனைக் கண்டுகொள்ளாது.

எனவே மூலப்படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் வேண்டும். ஒருவர் திருத்தியதை மற்றொருவர் மீண்டும் பார்த்தல் நலம். ஆசிரியர் ஆண்ட பழஞ்சொல்லைப் பிழையெனக் கருதி மாற்றலாகாது. இயந்திரத்தின் பிழையை மட்டுமே நீக்குதல் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் கருதாது தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் நூல்களை இணையத்தில் ஏற்றினர். ஏடெழுதியோரின் பிழை ஒரு படியோடும் அதன் வழிப்படிகளோடும் நின்றது. இணையத்தில் ஏறும் பிழையோ ஒரே நாளில் ஆயிரம் இடங்களுக்குப் பரவும். முன்னோர் காத்தளித்த நூலைப் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பதும் கல்விக்கொடையே.