திடல் படமும் தேசிய அரங்கமும்

2025 டிசம்பர் 27, சனிக்கிழமை. மதியம் டெங்கிலிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம். நான், தம்பி, அம்மா. காரைப் புத்ராஜெயா செண்ட்ரலில் போட்டுவிட்டு எம்ஆர்டி ஏறி, சுங்கை பெசியில் எல்ஆர்டிக்கு மாறி, புக்கிட் ஜாலிலில் இறங்குவதாகத் திட்டம். தேசிய அரங்கத்தில் ‘ஜன நாயகன்’ இசை வெளியீட்டு விழா. விஜய்யின் கடைசிப் படம் என்று அறிவித்திருந்தார்கள். தம்பி மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. நான் அவனுக்குத் துணையாக வந்தவன். அம்மா ஏன் வந்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் ரஜினி ரசிகை.

புக்கிட் ஜாலிலில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: “இதுவும் ஒரு காலத்துல எஸ்டேட்டுதான்டா.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. ரயில் ஏறிய இடமும் ஒரு தோட்டம்தான்.

புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கியது அது. மலாயில் பிராங் பெசார் என்றால் பெரும் போர். ரப்பர் ஆராய்ச்சியில் அந்தத் தோட்டத்துக்குப் பெரிய பெயர் உண்டு. பி.பி. 86, பி.பி. 260 என்று ரப்பர் வளரும் பல நாடுகளில் நடப்பட்ட மர வகைகளின் பெயரில் உள்ள அந்த இரண்டு எழுத்தும் பிராங் பெசாரைக் குறிப்பவைதான். மரத்துக்குத் தோட்டத்தின் பெயர் நிலைத்தது. மரம் வெட்டியவர்களுக்குத் தோட்டம் நிலைக்கவில்லை. 1995இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர்கள், சுமார் 400 குடும்பங்கள், டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டத்துக்குக் கால் நூற்றாண்டு வயது. வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2023இல்தான்.

புக்கிட் ஜாலில் கதையும் ஏறக்குறைய இதுவே. 1990களில் தோட்ட நிலத்தில் விளையாட்டு வளாகம் எழுந்தது. 1998 காமன்வெல்த் போட்டிக்காகத் திறந்த இந்த அரங்கத்தில் சுமார் 87,000 பேர் உட்காரலாம். கடைசிச் சில தோட்டக் குடும்பங்கள் லயத்தை விட்டுப் போகாமல் 2011லும் மாநகராட்சியோடு போராடிக்கொண்டிருந்தன. அன்று மாலை விசிலடித்துக்கொண்டு உள்ளே போன எங்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? எனக்கே பாதிதான் தெரியும்.

அம்மா பிராங் பெசாரில் பிறந்தவர். அவர் முதன்முதலில் நட்சத்திரங்களைப் பார்த்தது தோட்டத்துத் திடலில். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரை வைத்துப் படம் ஓட்டுவார்கள். பெரும்பாலும் சம்பளம் போட்ட வாரத்தில். சாயங்காலமே பிள்ளைகள் பாயைக் கொண்டுபோய் இடம் பிடிக்க வேண்டும். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பக்கம் எம்.ஜி.ஆர் இடது கையால் வாள் வீசுவார்.

“அதனால என்ன? சண்டை அதே சண்டைதான?” என்பார் அம்மா.

திடல் படத்தை வெறும் சினிமா பார்ப்பது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். கச்சான் விற்பார்கள். ரீல் மாற்றும் நேரத்தில் எம்.ஜி.ஆர் கட்சிக்கும் சிவாஜி கட்சிக்கும் வாய்ச்சண்டை நடக்கும். பெண் பார்க்கும் பேச்சு அங்கேதான் தொடங்கும். யார் வீட்டில் சாவு, யார் தோட்டத்தில் வேலைநிறுத்தம், எவனுக்குச் சிவப்பு அடையாள அட்டை இன்னும் நீலமாகவில்லை, எல்லாச் செய்தியும் அங்கேதான் கைமாறும். காலை பெரட்டுக்கு நிற்க வேண்டிய சனங்கள் நள்ளிரவுவரை விழித்திருக்க ஒரே காரணம் அதுதான். ஆங்கிலத்தில் ஃபேன் கன்வென்ஷன் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, எங்கள் ஊரில் அதற்கு முதல் உதாரணம் திடல் படம் என்று நினைக்கிறேன். 80களில் வீடியோ கேசட் வந்தது. ஆளாளுக்கு அவரவர் வீட்டுக்குள் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு திடலே போனது.

அடுத்து, திரையில் பார்த்தவர்களை நேரில் பார்க்கும் காலம் வந்தது. 2002இல் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் கடனை அடைக்க விஜயகாந்த் தலைமையில் நட்சத்திரங்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து கலைவிழா நடத்தினார்கள். 2018 ஜனவரி 6 அன்று அதே சங்கத்தின் கட்டட நிதிக்காக இதே புக்கிட் ஜாலிலில் நட்சத்திர விழா. ரஜினி, கமல் இருவருமே மேடையில் இருந்தார்கள். அரசியலுக்கு வருவதாக ரஜினி அறிவித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த இரண்டு விழாக்களையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பணம் எந்தத் திசையில் போனது? சென்னை நடிகர்களின் சங்கக் கடனையும் கட்டடச் செலவையும் இங்கே டிக்கெட் வாங்கியவர்களும் சுமந்தார்கள். அதில் பாதிப் பேராவது வாடகை வீட்டில் இருந்திருப்பார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம்மைப் பற்றி அவர்கள் எடுத்தபோது என்ன நடந்தது? 2016இல் ‘கபாலி’ வந்தது. தோட்டத்து மனிதர்களின் கதை. முடிவைத் திறந்து விட்டிருந்தார் பா. ரஞ்சித். மலேசியாவில் ஓடிய பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டான் என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. யார் கதையோ அவர்களுக்கு மட்டும் வேறு முடிவு.

ரசிகர் கூட்டம் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1939இல் நியூயார்க்கில் அறிவியல் புனைகதை வாசகர்கள் சுமார் 200 பேர் கூடியதுதான் உலகின் முதல் பெரிய ரசிகர் மாநாடுகளில் ஒன்று. வாசலிலேயே சிலரை உள்ளே விடாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் நடத்தியவர்கள் வாசகர்களே. சொந்தமாகச் சிறுபத்திரிகை அச்சடித்துக் கைமாற்றிக்கொண்டவர்கள். கோலாலம்பூரிலும் 2002இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்தா அப்படித்தான். பத்தொன்பது வயதுப் பெண் தான் வரைந்த படங்களை ஒரு மேசையில் பரப்பி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் அங்கே ரசிகர்கள் உண்டு. நமக்கும் இது புதிதில்லை. 1952 முதல் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய தமிழர் திருநாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சாதாரண சனங்களே மேடை ஏறினார்கள். பேசினார்கள், பாடினார்கள், நாடகம் போட்டார்கள். மேடைக்கும் பாய்க்கும் நடுவே தூரம் குறைவு.

புக்கிட் ஜாலிலில் அந்தத் தூரத்தை நான் கண்ணால் அளந்தேன். எங்கள் இருக்கையிலிருந்து மேடை தீப்பெட்டி அளவு. விஜய் வந்தபோது எழுந்த சத்தம் காலடியில் சிமெண்டை அதிரவைத்தது. தம்பி அழுதான். முப்பது வயது ஆள், லாரி ஓட்டுபவன், தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதான். நான் கிண்டல் செய்யலாம் என்று வாயெடுத்து, முடியாமல் நிறுத்திக்கொண்டேன். இத்தனை ஆயிரம் தமிழர்கள் ஒரே இடத்தில் பயமில்லாமல் தமிழில் கத்தும் நாள் இந்த நாட்டில் வருடத்துக்கு எத்தனை? தைப்பூசத்துக்குப் பத்துமலை. அப்புறம்? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சிலிர்த்தது.

ஆனாலும் விஜய்யை நாங்கள் பார்த்தது பெரிய திரையில்தான். நேரில் பார்க்கப் போய் மறுபடியும் திரையைத்தான் பார்த்தோம். அரசியல் பேசக்கூடாது, கலைநிகழ்ச்சியாக மட்டும் இருக்க வேண்டும் என்று போலீஸ் முன்பே நிபந்தனை போட்டிருந்தது. கூட்டம் முண்டியடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கரூர் நினைவு வந்தது. சரியாக மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 27 அன்று, இதே நடிகரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்திருந்தார்கள். அவர்களும் ஒரு பார்வை பார்க்க வந்தவர்கள்தான். அம்மாவின் கையை நான் விடவேயில்லை.

நடுவில் ஒரு முறை விட வேண்டியிருந்தது. கழிவறை வரிசைக்குப் போனவர் முக்கால் மணி நேரம் திரும்பவில்லை. தம்பியைப் பாட்டை விட்டு வரச் சொல்லவும் மனமில்லை. நானே தேடிப் போனேன். வரிசையை விட்டு ஒதுங்கி, சுவரோரமாக இன்னொரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இருவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“இவங்க கேலவே எஸ்டேட்டுடா. திடலுக்குப் படம் பாக்க வருவாங்க. இப்போ பந்திங்ல இருக்காங்களாம். இருபத்தேழு வருசம் ஆச்சு.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒம் மவனா? ஒங்கப்பா மொகம் அப்படியே.”

உள்ளே எண்பதாயிரம் குரல்கள் ஒரு பாட்டைக் கூடவே பாடின. இவர்கள் இருவருக்கும் அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு லயமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எதற்காக வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு தமிழர்கள் கூடினால் அதில் யாராவது ஒருத்தராவது தெரிந்தவராக இருப்பார் என்று நினைத்திருக்கிறார்.

இந்த விழாக்களைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாக இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். வியக்கிறோம், இல்லாவிட்டால் ரசிகனைத் திட்டுகிறோம். தோட்டங்கள் கலைந்தபோது வீடு, வேலை, கோயில், பள்ளிக்கூடம் போனதைப் பதிவு செய்திருக்கிறோம். கூடும் இடம் போனதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு நட்சத்திரம் வந்து இறங்கினால்தான் கேலவேக்காரரும் பிராங் பெசார்க்காரரும் சந்திக்க முடியும் என்றால், குறை ரசிகர்களிடம் இல்லை. அந்த நட்சத்திரமும் இனி நடிக்கப் போவதில்லை என்கிறார். அடுத்து யாருக்காகக் கூடுவோம்? டெங்கிலில் ஒரு மண்டபம் எடுத்து, பழைய தோட்டத்துப் படங்களோடு நாமே கூடினால் எத்தனை பேர் வருவார்கள்?

திரும்பும் வழியில் தம்பி தொண்டை கட்டி மௌனமாக இருந்தான். அம்மா கைப்பேசியை நீட்டி, வாட்ஸ்அப்பில் குழு தொடங்கித் தரச் சொன்னார். பெயர் என்ன வைக்க என்று கேட்டேன்.

“திடல்னு போடு,” என்றார்.

அன்றிரவு அதில் இரண்டு பேர் இருந்தார்கள். இதை எழுதும்போது முப்பத்தொரு பேர்.