கயிறு தாண்டும் சிறுமி

சுழலும் தட்டுகளும் உருளைகளும் 1877-க்கு வெகுகாலம் முன்னரே ஐரோப்பியக் குழந்தைகளின் கைகளில் இருந்தனவெனினும், அவற்றில் சித்திரங்களைச் சிறு பிளவுகளின் வழியாகவே நோக்க வேண்டியிருந்தமையால், உருவங்கள் அசைந்தனவாயினும் ஒளி குன்றி மங்கலாகவே தோன்றின. பிரான்ஸ் தேசத்து லெ புய் நகரில் பொதுஜனங்களுக்கு விஞ்ஞானப் பிரசங்கங்கள் செய்துவந்த எமில் ரெனோ, அவ்வாண்டில் பிளவுகளை அறவே நீக்கி, வட்டப் பெட்டியின் நடுவே சித்திரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கண்ணாடிகளை நிறுத்தி, பெட்டி சுழலுகையில் பிம்பங்கள் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் பளிச்சென்று வந்து நிற்கச் செய்தார். பிராக்ஸினோஸ்கோப் என்ற வாயில் நுழையாத பெயரை அதற்கு ஏன் சூட்டினாரோ!

இதற்குச் சித்திரம் எழுதுவது விளையாட்டுக் காரியமன்று. கயிறு தாண்டும் சிறுமி ஒருத்தியைக் காகித நாடாவில் எழுதப் புகுந்தால், ஒரு தாண்டலைப் பன்னிரண்டாக வகுத்து, கயிற்றைப் படத்துக்கு 30 பாகையாக நகர்த்தி, உச்சியை எட்டிய உடல் அங்கே கணநேரம் தயங்குமாதலால் அவ்விடத்து நிலைகளை நெருக்கியும், தரைக்கு இறங்குமிடத்தில் விலக்கியும் அமைக்க வேண்டும். பின்னால் நிற்கும் வேலி ஒரு மயிரிழை இடம் பெயர்ந்துவிட்டாலோ, பூகம்பம் வந்தாற்போல் அது நடுங்கும். இவற்றினும் கடுமையான நிபந்தனை, பன்னிரண்டாம் படம் முதற்படத்தோடு மீண்டும் இசைய வேண்டுமென்பது. ஆகவேதான் கயிறாட்டம், ஊஞ்சல், பந்தெறிந்து பிடிக்கும் வித்தைக்காரன் என, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் செயல்கள் அந்நாடாக்களில் மலிந்திருந்தன. செக்குமாட்டைக் கொண்டு கதை சொல்ல முடியுமா?

ரெனோவுக்கோ கதை சொல்லும் ஆசை. ஜெலட்டின் சதுரங்களில் தம் கையாலேயே வர்ணந்தீட்டி, அவற்றை நீண்ட பட்டையாகக் கோத்து, படத்துக்குப் படம் துளையிட்டு, ஒரு சுருளிலிருந்து மற்றொரு சுருளுக்கு ஓடவிடும் யந்திரத்துக்கு 1888-இல் உரிமை பெற்றார். 1892 அக்டோபர் 28-ஆம் நாள் பாரிஸின் கிரெவாங் காட்சிசாலையில் அவர் காட்டிய ‘பாவம் பியரோ’வில் படங்கள் 500, அவற்றை முன்னும் பின்னுமாகக் கையால் சுழற்றி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிட்டு, ஏறத்தாழக் கால்மணி நேர நாடகமாக விரித்தார். தடியடி விழும் இடத்தில், பட்டையில் பதித்த வெள்ளித் துணுக்கு மின்காந்தத்தைத் தூண்டி அடியின் ஓசையையும் எழுப்பிற்று.

1895 டிசம்பர் 28-இல் லூமியேர் சகோதரர்கள் அதே நகரில் நிழற்படங்களை ஓடவிட்ட பின், தூரிகையும் கையுமாகப் பட்டைகளோடு மாதக்கணக்கில் மல்லாடியவரின் காட்சி 1900-க்கு மேல் நீடிக்கவில்லை. மனமுடைந்த ரெனோ யந்திரத்தை உடைத்து, பட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் எறிந்துவிட்டார். பியரோவையும் சேர்த்து இரண்டே தப்பின. பெட்டிக்குள் கிடந்த கயிற்றுச் சிறுமி, யாரேனும் சுழற்றிவிட்டால் இன்றும் குதிக்கிறாள்.